தடிக்கு சார்ஜ் போட்ட பேரனுக்கு

வாடா ராசா, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. அந்த லேப்டாப்பக் கொஞ்ச நேரம் மூடி வை, அதுவும் பாவம் மூச்சு வுடட்டும். காலேஜ் முடிஞ்சதுலருந்து ஃபேனுக்கு அடியில உக்காந்துகினு எதையோ தேடினே இருக்கிற. இன்னாடா தேடறன்னு கேட்டா, "ஐடியா தாத்தா"ன்ற. புதுசா எதையாவது கண்டுபுடிச்சு, கம்பெனி ஆரம்பிச்சு, நாலு பேருக்கு நீ சம்பளம் குடுக்கணும். நல்ல நெனப்பு தான். அதுக்குள்ள உங்கப்பன் பென்ஷன் வாங்க ஆரம்பிச்சுடுவான், அது வேற கதை.

நம்ம திருவண்ணாமலைக்கு தேடறவங்க புதுசு இல்லப்பா. எந்தெந்தச் சீமையில இருந்தோ வந்து மலையப் பாத்துகினு கண்ண மூடி உக்காந்துகிறாங்க. 1896-ல பதினாறு வயசுல மதுரையில இருந்து ரயில் ஏறி, காசு பத்தாம கொஞ்ச தூரம் நடந்தும் வந்து எறங்கினாரு ஒருத்தரு. "நான் யாரு"ன்னு கேட்டுகினே உக்காந்தாரு, ரமண மகரிஷி ஆயிட்டாரு. நீ "நான் இன்னாத்தக் கண்டுபுடிக்கறது"ன்னு கேட்டுகினு உக்காந்திருக்க. அவரு கேட்ட கேள்விக்குக் கண்ண மூடினா பதில் கெடைக்கும். உன் கேள்விக்குக் கண்ணத் தொறக்கணும். அந்த வித்தியாசம் தெரியாம ஊரு ராசின்னு நெனச்சு உக்காந்துட்ட போல.

மொத மொதல்ல தாத்தனுக்கே ஒன்னு பண்ணிக் குடுத்தியே, ஸ்மார்ட் தடி, அத நான் மறக்கல. முனையில லைட்டு, புடியில பட்டன், பட்டன அழுத்தினா சைரன், நான் வுழுந்தா உங்கப்பன் செல்லுக்கு மெசேஜ். காலேஜ்ல மேடையில நின்னு கைத்தட்டு வாங்கற வரைக்கும் நல்லா தான் இருந்துது. வூட்டுக்கு வந்ததும் தான் சங்கதி. ராத்திரி ஒன்னுக்குப் போக எழுந்தா தடி செத்துக் கெடக்குது. இன்னாடான்னா சார்ஜ் இல்லியாம். தடி ஊனி நடக்கற கெழவன், தடிக்கு ஒயரு சொருவ செவுத்தோரம் குனியணும். குனிய முடிஞ்சா எனக்கு எதுக்குடா தடி? ஒரு நாளு புடியில கை பட்டு சைரன் கத்தி, தெரு நாயெல்லாம் கூடிடுச்சு. அன்னிக்குத் தான் உன் கண்டுபுடிப்பு ஒதவுச்சு. நாய வெரட்டக் கையில ஒரு தடி இருந்துதே!

என் தடிக்கு ரெண்டே கொற தான். ஈர சிமெண்டுல வழுக்கும், செவுத்துல சாச்சு வச்சா சரிஞ்சு வுழும். மொதக் கொறைக்கு நானே பழைய சைக்கிள் டயர்ல ஒரு துண்டு அறுத்து, அடியில மடிச்சு வச்சு, சுத்தியும் கட்டுக்கம்பி முறுக்கிட்டன். தோ பாரு, எத்தன மழைக்கு நின்னிருக்குது. ரெண்டாவது கொறைக்குத் தான் இன்னும் வழி வரல. கயிறு கட்டி மணிக்கட்டுல மாட்டிப் பாத்தன், சோறு திங்கறப்ப தட்டுல வந்து இடிக்குது. உங்க ஆத்தா, "சாம்பாருக்குத் தடியால தாளிக்கறாரு பாரு"ன்னு சிரிக்கறா. நீ லைட்டு, சைரன், செல்லு எல்லாம் யோசிச்ச. "தாத்தா, தடியில இன்னா தொல்ல?"ன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா இந்தத் திண்ணையிலயே உனக்கு ஐடியா கெடைச்சிருக்கும். வெத்தல பாக்கு செலவு கூட கெடையாது.

சரி வுடு. தூரத்து ஆளச் சொன்னா, "அதெல்லாம் அமெரிக்காவுல தாத்தா"ன்னுவ. நம்ம ஊரு ஆளச் சொல்றன்.

எஸ்.கே.பி. வனிதா பள்ளிக்கூடத்துல படிச்சுதே வினிஷா உமாசங்கர்னு ஒரு பொண்ணு, தெரியுமில்ல? அதுக்குப் பன்னெண்டு வயசு அப்போ. பள்ளிக்கூடம் வுட்டு அம்மா கூட வூட்டுக்குப் போறப்ப, இஸ்திரிக்காரரு ஒருத்தரு எரிஞ்ச கரியத் தெருவோரம் கொட்டறதப் பாத்துச்சு. அவ்வளவு தான் விஷயம். நாமளும் தான் பாத்தோம். நீயும் பாத்த, நானும் பாத்தன். கால்ல ஒட்டாம தாண்டிப் போனா போதும்னு போனோம். அந்தப் பொண்ணு தாண்டல. இம்மாங்கரி எங்கருந்து வருது, கொட்டினது எங்க போவுது, அந்தப் பொகைய மூக்குல வாங்கறவரு ஒடம்பு இன்னா ஆவுதுன்னு கேட்டுச்சு.

நீ இஸ்திரி வண்டியக் கிட்டக்க நின்னு பாத்திருக்கியா? சட்டையக் குடுத்துட்டு செல்லப் பாத்துகினு நிக்கறது கணக்குல வராது. பொட்டி மூடியத் தொறந்து, மரக்கரியோ கொட்டாங்குச்சிக் கரியோ போட்டு, பழைய அட்டையால விசிறு விசிறுன்னு விசிறுவாரு. கனல் செவசெவன்னு வந்ததும் மூடி, ஈரத் துணி மேல ஒரு இழுப்பு இழுப்பாரு. "சுர்"ருன்னு வர்ற சத்தத்துலயே தெரிஞ்சுடும் அவருக்கு, இந்தச் சூடு நூலுக்குத் தாங்குமா, பாலியஸ்டருக்குத் தாங்குமான்னு. காத்து ஒரு பக்கமா அடிச்சா பொட்டியோட பக்கத்து ஓட்ட வழியா பொறி பறக்கும். வெள்ள வேட்டியில ஒரு பொறி வுழுந்தா அன்னியக் கூலி போச்சு. வேட்டிக்காரன் வாயில வுழறது தனி. கரி தீந்துட்டா பாதியில நிறுத்திட்டு மறுபடி மூட்டணும். நெருப்பு தயாராவற வரைக்கும் ஆளு சும்மா நிக்கணும். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிலோ கரின்னு அந்தப் பொண்ணு கணக்குப் போட்டுச்சு. நம்ம தேசத்துல எத்தன தெரு, எத்தன வண்டின்னு நீயே பெருக்கிப் பாரு, கால்குலேட்டர் உங்கிட்ட தான இருக்குது.

இப்பக் கேளு, அது பண்ணினது இன்னான்னு. துணி மடிக்கற ரோபோ பண்ணல. ஆப் பண்ணல. வண்டிய அப்படியே வச்சுச்சு, மேசைய அப்படியே வச்சுச்சு, தேய்க்கிற ஆள அப்படியே வச்சுச்சு. நெருப்ப மட்டும் எடுத்துடுச்சு. வண்டிக் கூரை மேல சோலார் தகடு, அடியில பேட்டரி, மேசையில கரண்டுப் பொட்டி. தள்ளறதுக்குப் பதிலா மிதிச்சுகினு தெருத்தெருவா போவலாம்னு வண்டிக்கு சைக்கிள் மாதிரி பெடல். அஞ்சு மணி நேரம் நல்ல வெயிலு அடிச்சா ஆறு மணி நேரம் தேய்க்கலாம். ஐப்பசி கார்த்தியில வானம் மூடிக்கினா, முன்னாடியே சார்ஜ் போட்ட பேட்டரியிலயோ வூட்டுக் கரண்டுலயோ ஓட்டிக்கலாம். வர்றவன் போறவன் செல்லுக்குச் சார்ஜ் போட்டு நாலு காசு பாக்கவும் வண்டியில வழி வச்சுச்சு பாரு, அங்க தான் அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. பஞ்சபூதத் தலத்துல நம்மது அக்னித் தலம். இங்க பொறந்த புள்ள, பொட்டிக்குள்ள இருந்த அக்னிய எறக்கிட்டு சூரியன உக்கார வச்சிடுச்சு. அண்ணாமலையார் கோச்சுக்க மாட்டாரு, அவருக்கு வருஷத்துக்கு ஒரு தரம் மலை உச்சியில ஆயிரக்கணக்கான கிலோ நெய்யி ஊத்தறோம்.

பன்னெண்டு வயசுப் புள்ள கையால சோலார் வண்டி வெல்டிங் பண்ணுமான்னு கேக்காத. யோசனையும் படமும் அதோடது. குஜராத்துல காந்திநகர் பக்கம் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன்னு ஒன்னு இருக்குது, கவருமெண்டு ஒதவியோட 2000-ல ஆரம்பிச்சது. பள்ளிக்கூடப் புள்ளைங்க யோசனைக்குன்னே அவங்க இக்னைட்னு ஒரு பரிசு வச்சிருக்காங்க, அப்துல் கலாம் பேருல. 2019-ல அந்தப் பரிசு இதுக்குக் கெடைச்சுது. அவங்க இன்ஜினியருங்க கூட சேந்து முழு வண்டியையே செஞ்சு ஓட்டிக் காட்டினாங்க. 2020-ல ஸ்வீடன்காரன் குழந்தைங்க பருவநிலைப் பரிசு குடுத்தான். மறு வருஷம் இங்கிலாந்து இளவரசரு வில்லியம் ஆரம்பிச்ச எர்த்ஷாட் பரிசுல கடைசி பதினஞ்சு பேருல ஒன்னா நின்னுச்சு. அதே 2021 நவம்பர்ல கிளாஸ்கோவுல உலகத் தலைவருங்க கூடின பருவநிலை மாநாட்டுல மேடையேறி, வெறும் வாக்குறுதி குடுத்துகினு இருக்காதீங்க, செயல்ல காட்டுங்கன்ற மாதிரி பேசிட்டு வந்துச்சு. நானும் உங்கப்பன்கிட்ட வருஷக் கணக்கா அதத் தான் சொல்றன். என்னை எவனும் கிளாஸ்கோ கூட்டினு போவல.

இதுல ஒரு வேடிக்கை இருக்குது. எர்த்ஷாட்ல காத்தச் சுத்தம் பண்ற பிரிவுல ஜெயிச்சது அந்தப் பொண்ணு இல்ல. அங்கயும் நம்ம தேசத்து ஆளு தான் ஜெயிச்சாரு, வித்யுத் மோகன்னு, டகச்சார்னு கம்பெனி வச்சிருக்காரு. வடக்க அறுவடை முடிச்சிட்டு வைக்கோலக் கழனியிலயே கொளுத்தறாங்க இல்ல, அந்தப் பொகையில டெல்லி மூச்சு முட்டுது இல்ல, அதுக்கு ஒரு சின்ன மெஷினு. டிராக்டரோட கழனிக்கே கொண்டு போயி, பொகைய அடக்கி, வைக்கோலக் கரியாக்கி எரிபொருளா, உரமா மாத்தறது. ஆக, கரிய வெரட்டின பொண்ணு கடைசிச் சுத்துல நின்னுச்சு, கழிவக் கரியாக்கினவரு பத்து லட்சம் பவுண்டு வாங்கினாரு. பாத்தியா? கரி நல்லதா கெட்டதான்னு கரியப் பாத்து சொல்ல முடியாது, எவன் மூக்குக்குப் பக்கத்துல எரியுதுன்னு பாக்கணும்.

உன் மூஞ்சி மலருது. நாமளும் பரிசுக்கு எழுதிப் போட்டுடலாம்னு தான நெனைக்கற? கொஞ்சம் நில்லு. பெரிய தெருவுல இன்னிக்கும் பாரு, கரி வண்டி தான் நிறைய நிக்குது. சில எடத்துல கேஸ் பொட்டி வந்துடுச்சு, சிலிண்டர்ல இருந்து ரப்பர் குழா போட்டுத் தேய்க்கறாங்க. பரிசு வாங்கறதுக்கும் தெருவுக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்கற தூரம், கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர விட ஜாஸ்தி. அது அந்தப் பொண்ணோட தப்பில்ல. எந்தப் பொருளும் அப்படித் தான். ஆனா அந்தத் தூரத்துல இன்னா இன்னா கல்லு மொள்ளு இருக்குதுன்னு பாக்கற வேல உன்ன மாதிரி படிச்சவனுது.

எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மொள்ளச் சொல்றன். இஸ்திரிக்காரரு ஏன் புங்க மரத்தடியில நிக்கறாரு? நிழலுக்கு. சோலார் தகடு இன்னா கேக்குது? வெயிலக் கேக்குது. தகடே கூரையாயிட்டா ஆளுக்கு நிழலு கெடைச்சிடும், சரி. ஆனா வாடிக்கைக்காரனுக்குத் தெரிஞ்சது மரம் தான். "புங்க மரத்தாண்ட குடுத்துட்டு வா"ன்னு தான் வூட்டுல சொல்றாங்க. வண்டி வெயிலு தேடி நகந்துட்டா, துணியோட வந்தவன் மரத்தடியில நின்னு முழிப்பான். அடுத்தது, பொட்டியோட கனம். கரிப் பொட்டி கனம் இருக்குது பாரு, அந்தக் கனமே பாதி வேல பாக்குது. கஞ்சி போட்ட நூல் புடவைய அது தானே அமுக்கிக்கினு போவும். லேசான கரண்டுப் பொட்டியில தோள் பட்டைய வச்சு அமுக்கணும். நாப்பது வருஷமா ஒரே தினுசா கை ஓட்டின ஆளுக்கு அது புது நோவு. இதெல்லாம் படத்துல தெரியாது. பக்கத்துல ஒரு பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்காந்தா தெரியும்.

உங்க ஆத்தாளோட ஆட்டுக்கல்லு கொல்லையில துளசி மாடத்துக்குப் பக்கத்துல கெடக்குதே, அதப் பாரு. நூறு நூறு வருஷமா பொம்பளைங்க குழவியப் புடிச்சு அந்தக் கல்லுக்குள்ள சுத்தினாங்க. ஒரு கை குழவியில, இன்னொரு கை மாவத் தள்ளி வுட. நாம திண்ணையில உக்காந்து, "இட்லி இன்னும் கொஞ்சம் பூப் போல இருக்கலாம்"னு தீர்ப்பு சொன்னோம். நம்ம தோளு நோவல, அதனால நமக்கு எதுவும் தோணல. 1955-ல கோயமுத்தூர்ல பி. சபாபதின்றவரு கிரைண்டர் பண்ணாரு. குழவியச் சுத்தற கைக்குப் பதிலா ஒரு இரும்புக் கை பண்ணணும்னு தான் உன்ன மாதிரி ஆளு யோசிப்பான். கிரைண்டர்ல நடக்கறது தலகீழு. மோட்டாரு கல்லச் சுத்துது, குழவி மாட்டின எடத்துலயே உருளுது. எது நிக்கணும், எது சுத்தணும்ன்றத மாத்திப் போட்டதுல வேல முடிஞ்சுடுச்சு. இன்னிக்கு கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்குது. சிங்கப்பூர், லண்டன்னு நம்ம சனம் போன எடமெல்லாம் அது கூடவே கப்பல் ஏறிடுச்சு. ஆட்டுக்கல்லு தான் பாவம், மழத்தண்ணி புடிச்சு வச்சுகினு குருவிக்குக் குளிக்கக் குடுக்குது.

அதே கோயமுத்தூர்ப் பக்கம் இன்னொரு ஆம்பள. அருணாச்சலம் முருகானந்தம். பேரப் பாத்தா நம்ம ஊரு சாமி பேரு. 1998-ல கல்யாணமான புதுசுல, பொஞ்சாதி எதையோ முதுகுக்குப் பின்னால மறைச்சுகினு போறதப் பாத்தாரு. பழந்துணி. மாசா மாசம் அதத் தான் வச்சுக்கறாங்க. கடையில விக்கற நாப்கின் வாங்கினா வூட்டுல பால் செலவக் கொறைக்கணும். அப்ப ஆரம்பிச்ச பைத்தியம். பஞ்சுல செஞ்சு பொஞ்சாதிகிட்டக் குடுத்து எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. மாசத்துக்கு ஒரு தரம் தான் பதில் வரும், எத்தன வருஷம் காத்துகினு இருக்கறது? மெடிக்கல் காலேஜ் பொண்ணுங்கள்ட்ட குடுத்தாரு. அதுவும் ஒத்து வரல. கடைசியில ஃபுட்பால் ப்ளாடர்ல ஆட்டு ரத்தம் ஊத்தி, இடுப்புல கட்டிகினு, சைக்கிள் மிதிச்சாரு, நடந்தாரு, ஓடினாரு. ஃபுட்பாலுக்குள்ள காத்து அடைக்கற ரப்பரு பொம்பள ஒடம்பா மாறிப் போச்சு. ஊரு இன்னா சொல்லும்? பேய் புடிச்சுதுன்னு சொல்லுச்சு. பொஞ்சாதி தாய் வூட்டுக்குப் போயிட்டாங்க, பெத்த தாயும் போயிட்டாங்க. அப்புறம் தான் தெரிஞ்சுது, பெரிய கம்பெனிக்காரன் உள்ள வைக்கறது பருத்திப் பஞ்சே இல்ல, மரக்கூழ்ல இருந்து வர்ற பஞ்சுன்னு. கோடிக்கணக்குல விக்கற மெஷினு பண்ற வேலய, பொம்பளைங்க நாலு பேரு சேந்து ஒரு ரூமுல வச்சு ஓட்டற மாதிரி சின்னதாப் பண்ணாரு. அப்ப அதோட விலை 1 லட்சத்துக்கும் கீழ. 2016-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. பொஞ்சாதியும் திரும்பி வந்துட்டாங்க. உனக்கு இன்னும் கல்யாணம் ஆவல, அதனால போறதுக்கு ஆளில்ல. தைரியமா எறங்கலாம்.

பேப்பர்ல பேரு வராத ஆளுங்களும் இருக்காங்கடா. வெடிச்ச லாரி டயர வச்சு மாட்டுக்குத் தண்ணித் தொட்டி பண்றான் பாரு, அவன் கைய ஒரு நாளு பாரு. கத்திய ஈரம் பண்ணிப் பண்ணி டயரோட பக்கத்த அறுப்பான். ரெண்டு ஆளு நின்னு, முட்டிய வச்சு அழுத்தி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி அத அப்படியே பொரட்டுவாங்க. பொரட்டினதும் அது தானா வாய் விரிச்ச தொட்டியா நிக்கும். மாடு முட்டினாலும் உடையாது, ஓரம் குத்தாது. சாணை புடிக்கறவரு வருவாரே, அவரு சைக்கிளு வர்றப்ப சைக்கிளு, ஸ்டாண்டு போட்டுட்டா மெஷினு. அதே பெடலு, அதே மிதி. வாருல மாட்டின கல்லு மேல சுத்தும், அருவாமனை பொறி பறக்கத் தீட்டும். வேல முடிஞ்சதும் வாரக் கழட்டிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாரு. ஒரு பைசா கரண்டு கெடையாது, பெட்ரோல் கெடையாது. இந்த ஆளுங்க யாரும் ஸ்டார்ட்டப்புன்னு போர்டு மாட்டல.

ஜவ்வாது மலை அடிவாரத்துல மல்லாட்ட போட்டவனுக்கு ராத்திரியானா காட்டுப்பன்னித் தொல்ல. கொடியப் பேத்துத் தின்னுட்டுப் போயிடும். சுத்தியும் பழைய நூல் புடவையக் கட்டி வச்சிருக்கறதப் பஸ்ஸுல போறப்ப பாத்திருப்ப. ஆரணியில நெய்யற பட்டு பீரோவுல தூங்குது, நைஞ்சு போன நூல் புடவ விடிய விடியக் கழனியில காவல் காக்குது. காத்துல ஆடறதப் பாத்து ஆளு நிக்கறதா நெனைக்குதோ, வாசனைக்குப் பயப்படுதோ, பன்னியத் தான் கேக்கணும். கொஞ்ச நாள்ல பழகிட்டு உள்ள பூந்துடுதுன்னும் சொல்றாங்க. அப்ப எடத்த மாத்திக் கட்டறாங்க, கலர மாத்தறாங்க.

அதே பன்னிக்கு இன்னொருத்தன் இன்னா பண்றான் தெரியுமா? மோட்டார் கொட்டாயில இருந்து திருட்டுத்தனமா ஒயர் இழுத்து வேலிக் கம்பியில கரண்டு வுடறான். அவனும் இருக்கறத மாத்தி வச்சுப் புதுசா ஒன்னு செஞ்சவன் தான். விடிஞ்சு பாத்தா பன்னிக்குப் பதிலா பக்கத்துக் கழனிக்காரன் தண்ணி பாய்ச்சப் போனவன் விறைச்சுக் கெடக்கறான். சில ஊர்ல யானை செத்திருக்குது. கை சுறுசுறுப்பா இருக்கறவன் எல்லாம் புத்திசாலி இல்ல கண்ணு. எதையாவது மாத்தி வைக்கறதுக்கு முன்னாடி, இருட்டுல இந்தப் பக்கம் யாரு நடந்து வருவாங்கன்னு கேட்டுக்க. நீயோ கரண்டு படிச்சவன். இந்த ஒன்ன மட்டும் நான் வெளையாட்டாச் சொல்லல.

இப்ப உனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்றன், காசு எதுவும் வேணாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போற இல்ல? அடுத்த தரம் இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சு ஈசான்ய லிங்கம் வரைக்கும் சாமிய நான் கும்பிட்டுக்கறன், நீ வண்டிங்களப் பாரு. சுக்கு காப்பி வண்டி, பொரி கடல வண்டி, சோளம் சுடற வண்டி, பொம்ம விக்கற சைக்கிளு. எங்கெங்க கயிறு கட்டியிருக்குது, எங்கெங்க கம்பி முறுக்கியிருக்குது, எங்க டேப்பு சுத்தியிருக்குது, சக்கரத்துக்கு அடியில எங்க செங்கல்லு வச்சிருக்குதுன்னு பாரு. செஞ்சு வித்தவன் யோசிக்காம வுட்டத, வாங்கினவன் கட்டி வச்சிருக்கறான். ஒவ்வொரு கட்டும் ஒரு மனு. கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கற மனு மாதிரி இல்ல, இதப் படிக்க இன்னும் ஆளே வரல. இஸ்திரிப் பொட்டிப் புடியில துணி சுத்தியிருக்குது பாரு, அது கை சுடுதுன்ற மனு. மேசைக்குக் காத்து வர்ற பக்கமா அட்டை செருவியிருக்குது, அது பொறி பறக்குதுன்ற மனு. அந்தப் பொண்ணு அப்படி ஒரு மனுவத் தான் படிச்சுச்சு, கரிக் குவியல்ல.

படிச்சதும் லேப்டாப்பத் தொறந்துடாத. கட்டினவங்கிட்டயே கேளு, "அண்ணே, இது இன்னாத்துக்கு?"ன்னு. மொதல்ல, "சும்மா தாம்பா"ன்னுவான். ஒரு டீ வாங்கிக் குடு. அப்புறம் தான் கத வரும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல அனில் குப்தான்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. தேனீ வலையமைப்புன்னு ஒன்ன ஆரம்பிச்சு, ஊரு ஊரா நடந்தே போயி இப்படிக் கேட்டுகினு திரிஞ்சாரு. அந்த இன்னோவேஷன் ஃபவுண்டேஷனே அவரு எடுத்த முயற்சியில வந்தது தான். பெரிய பெரிய கம்பெனி மேனேஜருங்களுக்குப் பாடம் எடுத்தவரு, ஏர் உழறவன் முன்னாடி போயி நோட்டப் பிரிச்சுகினு உக்காந்தாரு. நீ அங்க சீட்டு கெடைக்குமான்னு பாத்துகினு இருக்கற.

இன்னொன்னு. யாரு யோசனைய வாங்கறியோ அவன் பேர மேல எழுது. சோளக்காரன் சொன்ன சூட்சுமத்த வாங்கி உன் பேருல பேட்டண்டு போட்டுட்டு, அப்புறம் அவங்கிட்டயே போயி விக்காத. இந்த ஊர்ல எல்லாரும் எல்லாரையும் சுத்தித் தான் வந்தாகணும். மலைய எந்தப் பக்கமா சுத்தினாலும் ஒரு நாளு அவன் எதுக்க வருவான்.

இன்னும் உக்காந்துகினே இருக்கியே? எழுந்திரு. மூலையில அந்தப் பையில என் வேட்டி நாலு, உங்கப்பன் சட்ட மூனு, ஆத்தாளோட நூல் புடவ ரெண்டு இருக்குது. எடுத்துகினு புங்க மரத்தாண்ட போ. குடுத்துட்டு ஓடி வந்துடாத, பக்கெட்டக் கவுத்துப் போட்டு அவரு பக்கத்துல உக்காரு. சாயங்காலம் வரைக்கும் உக்காரு. அவரு சரின்னா நீயே ஒரு வேட்டிய எடுத்து அந்தப் பொட்டியத் தூக்கிப் பாரு, உங்கப்பன் சட்டையில வேணா பழகிக்க, என் வேட்டியில வேணாம். கூலி கேட்டா என் கணக்குல எழுதச் சொல்லாத, உன் செல்லுலயே அனுப்பிடு. வர்றப்ப மடிப்பு கலையாம கையில ஏந்திகினு வா, பைக்குல முன்னாடி மாட்டித் தொங்க வுட்டுக் கசக்கிடாத. நாளைக்கு ஆரணியில ஒரு கல்யாணம் இருக்குது எனக்கு.